கேட்கிறது, ஆனால் புரியவில்லை

மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள செல்லூர் தறிகளுக்குப் பேர்போனது. அங்கே முப்பது ஆண்டுகள் விசைத்தறி ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "சத்தம் நல்லாத்தான் கேக்குதுப்பா, நீ என்ன சொல்றேன்னுதான் வெளங்கலை" என்பார். சற்று உரக்கச் சொன்னால், "எதுக்குக் கத்துற? நான் என்ன செவிடா?" என்று கோபித்துக்கொள்வார். வீட்டில் உள்ளவர்களோ, "தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" என்று கேலி பேசுவார்கள்.

மாணவ நண்பர்களே, இந்தக் கேலி நியாயமற்றது. பெரியவர் சொல்வது முழு உண்மை. ஒலி கேட்பதும் பேச்சு புரிவதும் வேறு வேறு. ஒன்று இருக்க மற்றொன்று போய்விட முடியும். அது எப்படி என்று அறிந்துகொள்ள உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

தட்டு, கட்டு, பட்டு, சட்டு என்று நான்கு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். நான்கிலும் உயிரோசை ஒன்றே. முதல் மெய்யொலி மட்டுமே சொல்லுக்குச் சொல் மாறுகிறது. உயிரொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. அவை வலிமையானவை, தெருக்கோடி வரை கேட்பவை. க, ச, த, ட போன்ற வல்லொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லிய ஆற்றலாக, விநாடியின் ஒரு சிறு பகுதியில் தோன்றி மறைகிறது. பெரியவரின் காது தாழ்ந்த அதிர்வெண்களை நன்றாகவே வாங்குகிறது. உயர்ந்தவற்றை மட்டும் தவறவிடுகிறது. அவருக்கு நான்கு சொற்களும் 'அட்டு' என்றே கேட்கின்றன. நீங்கள் கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும். வல்லொலி அந்த அளவுக்குப் பெரிதாகாது. கோபம் வருவதில் வியப்பென்ன?

அப்படியானால் உயர்ந்த அதிர்வெண்கள் மட்டும் ஏன் போயின?

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் குழாய்

ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள், அல்லது விரைவில் செய்வீர்கள். ஒரு முனை மூடிய குழாயில், காற்றுத் தம்பத்தின் நீளம் கால் அலைநீளத்துக்குச் சமமாகும்போது ஒலி ஓங்கி ஒலிக்கும். உங்கள் காதின் வெளிக்குழலும் அத்தகைய குழாயே. ஒரு முனை திறந்திருக்கிறது. மறுமுனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. வயது வந்தவருக்கு அதன் நீளம் சுமார் 2.5 செ.மீ. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், ஒத்ததிர்வு அதிர்வெண் 340 ÷ (4 × 0.025), அதாவது 3400 ஹெர்ட்ஸ். முனைத்திருத்தத்தையும் சேர்த்தால் 3000-ஐ ஒட்டி வரும். அந்த அதிர்வெண்ணில் வரும் ஒலி செவிப்பறையை அடையும்போது வெளியில் இருந்ததைவிட வலிமை பெற்றிருக்கும். மெல்லிய மெய்யொலிகளைப் பிடிக்க இது பேருதவி. ஆனால் இரைச்சலுக்கும் அதே சலுகை கிடைக்கிறது. பல அதிர்வெண்களும் கலந்த தறியோசையில் இந்தப் பகுதியே மிகைப்படுத்தப்பட்டு உள்ளே செல்கிறது. சேதம் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் செவித்திறன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பள்ளம் அகன்று பேச்சொலியின் பகுதிக்குள் பரவும்.

செவிப்பறைக்கு உள்ளே நடப்பது இன்னும் சுவையானது. உட்காது திரவம் நிறைந்தது. காற்றில் வரும் ஒலி நேரே திரவத்தில் மோதினால், ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே உள்ளே நுழையும், மற்றது திரும்பிவிடும். கண்மாயில் மூழ்கியவனைக் கரையிலிருந்து கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காததற்கும் இதுவே காரணம். இந்த இழப்பை ஈடுசெய்ய நடுக்காதில் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன: சுத்தி, பட்டடை, அங்கவடி. செவிப்பறையின் செயற்பரப்பு சுமார் 55 ச.மி.மீ. அங்கவடியின் அடித்தட்டோ 3.2 ச.மி.மீ. மட்டுமே. பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சிறிய பரப்பில் செலுத்தினால் அழுத்தம் 17 மடங்காகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு அதை மேலும் 1.3 மடங்காக்குகிறது. ஆக 22 மடங்கு. வரைபட ஊசி தாளில் எளிதாக இறங்குவதும் இதே கணக்கில்தான்.

அங்கவடி தட்டுவது நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பின் வாயிலில். விரித்தால் அதன் நீளம் சுமார் 35 மி.மீ. அதனுள் நீளவாட்டில் ஒரு சவ்வு, சவ்வின்மேல் மயிரணுக்கள். வாயிலருகே சவ்வு குறுகலாகவும் விறைப்பாகவும், உச்சியில் அகலமாகவும் தளர்வாகவும் இருக்கிறது. உயர்ந்த அதிர்வெண்ணுக்கு வாயிலருகேயும், தாழ்ந்ததற்கு உச்சியிலும் சவ்வு மிகுதியாக ஆடுகிறது. ஆர்மோனியக் கட்டைகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்தாற்போல என்று சொல்லலாம். இதைக் கண்ணால் கண்டவர் ஹங்கேரியில் பிறந்த கியோர்க் ஃபான் பெக்கெசி. அவர் மருத்துவர் அல்லர், இயற்பியலாளர். புடாபெஸ்டில் அஞ்சல்துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். இறந்தவர்களின் உட்காதில் வெள்ளித் துகளைத் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் சவ்வில் ஓடும் அலையைப் பார்த்தார். 1961-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு காதில் உள்ள மயிரணுக்கள் மொத்தம் 15,000 அளவே. விழித்திரையின் கோடிக்கணக்கான அணுக்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய இருப்பு! பிறக்கும்போது இருப்பதே ஆயுளுக்கும் உள்ள கையிருப்பு. மனிதனுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால் கோழிக்கு முளைக்கும்! 1980-களில் இது கண்டறியப்பட்டது முதல், கோழிக்குக் கிடைத்த வரம் நமக்கு ஏன் இல்லை என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

டெசிபெல் கணக்கு

ஒலிச்செறிவை நேரடியாக எழுதினால் பன்னிரண்டு, பதின்மூன்று சுழிகள் வேண்டியிருக்கும். ஆகவே மடக்கை அளவையான டெசிபெல் பயன்படுகிறது. 10 டெசிபெல் கூடினால் செறிவு 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 3 கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு. சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவில் இருக்கும். நாடா ஓடும் விசைத்தறிக்கூடத்தில் 95-ஐத் தாண்டுவது வழக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் வைத்துள்ள வரம்பு 55 டெசிபெல், இரவில் 45. தறிக்கூடத்தில் 100 என்று வைத்துக்கொண்டால், பகல் வரம்பைவிட 45 டெசிபெல் அதிகம். அதாவது செறிவு சுமார் 30,000 மடங்கு. எண்ணைப் பார்த்து '55-க்கு 100, இரண்டு மடங்குதானே' என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபெல் செய்யும் மோசம் இதுதான்.

தொழிற்சாலைகளுக்கு நம் நாட்டில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரம்பு உண்டு. பல நாடுகள் 85-ஐயே வரம்பாகக் கொள்கின்றன. அதுவே சரி என்பது என் கருத்து. வீட்டுத் திண்ணையிலேயே தறி போட்டிருக்கும் தெருக்களில் இந்த விதிகளை யார் அளந்து பார்ப்பது என்பது வேறு கேள்வி. காதுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான் தேநீர் விலைக்குக் கிடைக்கிறது. "நாடா ஓடுற சத்தத்த வச்சுத்தான் நூல் அறுந்தது தெரியும், காதை அடைச்சா எப்படித் தம்பி?" என்று தறிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைக்குமானால், மாறுபட்ட ஓசை மாறுபட்டதாகவே கேட்கும். சில நாள் பழக வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வயதினருக்கு ஆபத்து தறியில் இல்லை. காதில் செருகும் ஒலிப்பானில் இருக்கிறது. வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம், இது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு, 75 டெசிபெல். யாரோ ஒருவர் 100 டெசிபெலில் பாட்டுக் கேட்கிறார் என்று கொள்வோம். 80-ஐவிட 20 டெசிபெல் அதிகம். செறிவு 100 மடங்கு. ஆகவே நேரம் நூறில் ஒரு பங்கு ஆகவேண்டும். 40 மணி நேரம் என்பது 2400 நிமிடம். வகுத்தால் 24 நிமிடம். ஒரு வாரத்துக்கே அவ்வளவுதான்! திருப்பரங்குன்றத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் வருபவர் ஒரே நாளில் அதைச் செலவழித்துவிடுவார்.

வெடியைப் பற்றியும் ஒரு சொல். மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் சிவகாசி இருக்கும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளை 1999-இல் வந்த விதி தடை செய்கிறது. தொலைவின் இருமடி எதிர்விகித விதிப்படி, தொலைவு பாதியானால் 6 டெசிபெல் கூடும். 4 மீட்டர் ஒரு மீட்டரானால் 12 கூடும். விதிக்கு உட்பட்ட அதே வெடி, கையெட்டும் தூரத்தில் 137! இரைச்சல் மெல்ல மெல்ல அரிக்கிறது. வெடியோ ஒரே அடியில் செவிப்பறையைக் கிழித்துவிடக்கூடும்.

வாயை மூடி 'ம்' என்று சொல்லுங்கள்

இப்போது ஒரு சோதனை. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். ஒலி தலையின் நடுவே இருப்பதாகத் தோன்றும். முனகிக்கொண்டே வலது காதை விரலால் மெல்ல அடையுங்கள். என்ன ஆயிற்று? ஒலி வலது பக்கம் தாவிவிட்டது! அடைத்த காதில் குறைய வேண்டிய ஒலி கூடியல்லவா கேட்கிறது?

உங்கள் முனகல் மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதை அடைகிறது. அதில் ஒரு பகுதி வழக்கமாகக் காதுக்குழல் வழியே வெளியேறும். விரல் அதைத் தடுத்துவிட்டது. வெளியிரைச்சலும் அந்தக் காதில் நின்றுபோனது. ஆகவே அந்தப் பக்கம் ஓங்கிக் கேட்கிறது. குரும்பி அடைத்தாலும், செவிப்பறை ஓட்டையானாலும், நடுக்காதில் நீர் கோத்தாலும் இதே நிலைதான். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேட்கிறது?" என்று கேட்பார். மந்தமான காதின் பக்கமே என்றால், பழுது ஒலி கடத்தும் பாதையில். நல்ல காதின் பக்கம் என்றால், பழுது உட்காதில் அல்லது நரம்பில். இது வெபர் சோதனை.

ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855-இல் சொன்ன சோதனையும் எளியதே. அதிரும் இசைக்கவையின் காம்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, பிறகு கவையைக் காதருகே பிடிப்பார்கள். நலமான காதில் காற்று வழியே வருவதே ஓங்கிக் கேட்கும், 22 மடங்கு பெருக்கும் எலும்புகள் இருக்கின்றன அல்லவா! எலும்பு வழியே ஓங்கிக் கேட்டால் கடத்தும் பாதையில் கோளாறு. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் 512 எண் பொறித்த கவை இருக்கும். இரப்பர் திண்டில் தட்டிச் செய்து பாருங்கள்; மேசையில் அடித்தால் கவை கெட்டுவிடும். ஆனால் நண்பனின் காதுக்கு நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். அது மருத்துவரின் வேலை.

கடத்தும் பாதையின் கோளாறுகளில் நம் கிராமங்களில் மிகுதி காதில் சீழ் வடிதல். சளி பிடிக்கும்போது தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் சிறுகுழல் வழியே கிருமி ஏறுகிறது. குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கை வாட்டிலும் இருப்பதால் எளிதில் ஏறிவிடும். சீழின் அழுத்தத்தில் செவிப்பறை ஓட்டையாகிறது. பிறகு கண்மாயிலும் ஊருணியிலும் கிணற்றிலும் குளிக்கும்போது அந்த ஓட்டை வழியே அழுக்குநீர் புகுந்து சீழ் நிற்பதே இல்லை. "காதுல சீ வடிஞ்சா நல்லது, கெட்டதெல்லாம் வெளிய போகுது" என்று சொல்பவர்களும் உண்டு. இது நல்லதன்று, சில வகைச் சீழ் எலும்பை அரித்து மூளை வரை செல்லும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கும் இரண்டு சொட்டு விடுவது, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவது, ஊக்காலும் கோழியிறகாலும் குடைவது எல்லாம் வேண்டாதவை. குரும்பி தானே வெளியே நகர்ந்து வந்துவிடும். பஞ்சுக் குச்சி அதை உள்ளேதான் தள்ளும். சீழ் நின்றபின் ஓட்டையான செவிப்பறையைத் தசையுறை கொண்டு ஒட்டிச் சரிசெய்கிறார்கள். கடத்தும் பாதையின் பழுது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள்.

உட்காதில் நேரும் பழுது அப்படியன்று.

கண் மருத்துவமனையில் கிடைத்த தடயம்

1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையுடன் பல குழந்தைகள் வருவதைக் கவனித்தார். தாய்மார்களை விசாரித்தார். கருவுற்ற தொடக்க மாதங்களில் ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ருபெல்லா அவர்களுக்கு வந்திருந்தது. தாய்க்குச் சில நாள் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும்தான். கருவுக்கோ கண், இதயம், காது மூன்றும் பாதிக்கப்பட்டிருந்தன. காதுகேளாமையே இவற்றில் மிகுதி என்பது பின்னர் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் இதே கதை மதுரையிலும் வெளிப்பட்டது. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரையுடன் வந்த குழந்தைகளை 1990-களில் ஆராய்ந்தார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வு, தென்தமிழகக் குழந்தைகளின் கண்புரைக்கு ருபெல்லா ஒரு முக்கிய காரணம் என்று காட்டியது. கண்மணியில் வெள்ளை விழுந்தால் பாட்டிக்குக்கூடத் தெரியும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள். காது மட்டும் பாதித்த குழந்தை வெளிப்பார்வைக்கு முழு நலமாகவே தெரியும். கண்ணுக்காக வந்தவர்களிலேயே இத்தனை பேர் என்றால், கண் நன்றாயிருந்து காது மட்டும் போன குழந்தைகள் எந்தக் கணக்கில் வந்தார்கள்?

இதற்குத் தடுப்பூசி உண்டு. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடும் இயக்கம் பள்ளிகளில் நடந்தது. கைப்பேசியில் பரவிய வதந்தியை நம்பி அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் இருந்தார்கள். இப்போது 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இரு தவணையாகப் போடப்படுகிறது.

மரபுக் காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெண்டலின் பட்டாணிச் செடிகளை நினைவுகூருங்கள். ஒடுங்கு பண்பு வெளிப்பட இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான காரணி வரவேண்டும். உட்காதின் திரவத்தில் பொட்டாசியம் அயனிகள் சுற்றி வர உதவும் 'கனெக்சின் 26' என்ற புரதம் 226 அமினோ அமிலங்கள் கொண்டது. அதற்குரிய மரபணுவில், 24-ஆம் இடத்திலேயே 'இங்கே நிறுத்து' என்ற தவறான குறி விழுந்துவிடும் ஒரு வகைப் பிழை இந்தியாவில் மிகுதி. ஒரு பிழைப் பிரதியை மட்டும் உடையவருக்குக் காது நன்றாகக் கேட்கும், அவருக்கே தெரியாது. இருவரும் அத்தகையவராயின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபுப்பொருளில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு பொது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. சொந்தத்தில் மணந்த பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே பிறவியிலேயே காது கேளாதவர் இருந்தால், முறைமாமன் உரிமை பேசும் முன் மரபியல் ஆலோசனை கேட்பதே அறிவுடைமை. இதைச் சொன்னதற்காக என்னிடம் வருத்தப்பட்ட உறவினர்கள் உண்டு. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பிரசவத்தில் மூச்சுத்திணறல், கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை ஊசி மருந்துகள் ஆகியவையும் மயிரணுக்களையோ நரம்பையோ கெடுக்கக்கூடும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது?

பெரியவர்களைச் சோதிப்பது எளிது. ஒலிபுகாத அறையில் காதுபேசியை மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், கேட்கும் மிகக் குறைந்த அளவைப் புள்ளியிட்டு வரைபடம் ஆக்குகிறார்கள். 20 டெசிபெலுக்குள் கேட்டால் நலம். இரு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் இழப்பு 60 முதல் 70 வரை இருந்தால் 'கேட்புக் குறைவு', 70 டெசிபெல் ஆனால் 'காதுகேளாமை' என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுக்கிறது.

பிறந்து இரண்டு நாளான குழந்தையிடம், "கேட்டால் கையைத் தூக்கு" என்று சொல்ல முடியாதே! இங்கே இயற்பியல் மீண்டும் கைகொடுத்தது. உயிருள்ள காது ஒலியை வாங்குவதோடு, மயிரணுக்களால் அதைப் பெருக்கவும் செய்கிறது என்றும், ஆகவே காதே ஒலியை வெளிவிட வேண்டும் என்றும் 1948-இல் தாமஸ் கோல்டு கருதினார். பின்னாளில் வானியற்பியலில் பெயர் பெற்றவர் அவர். யாரும் நம்பவில்லை. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் காதில் நுண்ணிய ஒலிவாங்கியைச் செருகி, 'கிளிக்' ஒலிக்குச் சில மில்லிவிநாடி கழித்துக் காதிலிருந்து மெல்லிய எதிரொலி திரும்பி வருவதைப் பதிவு செய்தார். நலமான காது எதிரொலிக்கும். மயிரணு கெட்ட காது மௌனமாக இருக்கும். தூங்கும் குழந்தைக்கே சில நிமிடங்களில் இதைச் செய்துவிடலாம். ஐயம் இருந்தால் தலையில் மின்முனைகளை ஒட்டி, செவிநரம்பின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் 'பெரா' பரிசோதனை செய்வார்கள்.

ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இதுவே உலகம் ஏற்ற கணக்கு. இந்த அவசரம் ஏன்? பேச்சைக் கற்கும் மூளைப்பகுதி முதல் சில ஆண்டுகளில்தான் உருவாகிறது. அதற்குள் ஒலி வந்து சேராவிட்டால், அந்த இடத்தைப் பார்வை முதலிய வேறு பணிகள் எடுத்துக்கொள்கின்றன. "இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான், பொறு" என்று காத்திருக்கும் வீடுகளில் ஓடிப்போவது திரும்பக் கிடைக்காத காலம். 'ஊமை' என்று நாம் சொல்லும் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் எந்தக் குறையும் இல்லை. கேட்காததால் பேசக் கற்கவில்லை.

கருவிகள்

காதொலிக் கருவி கண்ணாடி போன்றதன்று. கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிகிறது. மயிரணுக்கள் அழிந்த காதிலோ மெல்லொலி கேட்பதில்லை, பேரொலி மட்டும் பழையபடியே வலிக்கிறது. இடைவெளி குறுகிவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கும் கருவி தொல்லையாகி, அலமாரிக்குப் போய்விடும். இன்றைய இலக்கமுறைக் கருவிகள் அதிர்வெண்ணுக்கு ஏற்பவும், ஒலியின் வலிமைக்கு ஏற்பவும் வேறு வேறு அளவில் பெருக்குகின்றன. தறிக்காரப் பெரியவருக்கு 3000-க்கு மேலே மட்டும் கூட்டி, கீழே தொடாமல் விடலாம். வரைபடம் எடுக்காமல் கடையில் வாங்கி மாட்டுவது வீண்செலவு.

பெருக்கியும் பயனில்லாத அளவுக்கு மயிரணுக்கள் போயிருந்தால், அவற்றைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் இதற்கு முயன்றபோது, சுருண்ட நத்தைக்கூட்டுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்று திணறினார். கடற்கரையில் ஒரு சங்கையும் புல்லிதழையும் எடுத்து விளையாட்டாகச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்து அடி தடித்த புல் வளைந்து வளைந்து உள்ளே போயிற்று. விடை கிடைத்துவிட்டது! 1978-இல் மெல்பேர்னில் பன்முனைச் செவிச்சுருள் கருவி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. வெளியே உள்ள ஒலிவாங்கி பேச்சை அதிர்வெண்வாரியாகப் பிரிக்க, உள்ளே இருபத்திரண்டு அளவிலான மின்முனைகள் அந்தந்த இடத்து நரம்பைத் தூண்டுகின்றன. பெக்கெசி கண்ட வரிசை இங்கே பயன்படுகிறது. 15,000 அணுக்களின் வேலையை 22 முனைகள் செய்யுமா? இசை முழுதும் வராது. பேச்சு வரும், பயிற்சி இருந்தால்.

இதன் விலை பல இலட்சம். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றிப் பொருத்தப்படுகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இந்த அறுவை நடைபெற்றுள்ளது. மாவட்டந்தோறும் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் குழந்தையைக் கொண்டு சென்றால் வழி காட்டுவார்கள். அறுவை முடிந்தவுடன் குழந்தை பேசிவிடாது. பிறந்த குழந்தை கேட்டுக் கேட்டுக் கற்பதைப் போலவே அதுவும் கற்க வேண்டும். வாரந்தோறும் பயிற்சிக்கு வர வேண்டும். தாயும் கற்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு பயிற்சி நாளும் ஒருநாள் சம்பளம். நான் பார்த்தவரையில் கருவி தோற்கும் இடம் அறுவை அறை அன்று. இந்தப் பேருந்துப் பயணம்தான்.

கருவி பொருந்தாதவர்களுக்கும், காலம் கடந்தவர்களுக்கும் சைகை மொழி இருக்கிறது. அது அரைகுறை அபிநயம் அன்று. தனக்கென இலக்கணம் உள்ள முழுமொழி. இந்தியச் சைகை மொழிக்கென்று 2015-இல் தில்லியில் தனி ஆய்வு, பயிற்சி மையம் அமைந்தது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவேன்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

உங்கள் வகுப்பிலேயே கருவி அணிந்த மாணவர் இருக்கலாம். அவருக்கு எந்த இருக்கை? கணக்குப் போடுவோம். ஆசிரியரிடமிருந்து முதல் பலகை 1.5 மீட்டர், கடைசிப் பலகை 6 மீட்டர். தொலைவு நான்கு மடங்கு. இரண்டு முறை இரட்டிப்பு. 12 டெசிபெல் குறைவு. சுவர்களின் எதிர்முழக்கத்தால் உண்மையில் குறைவு இவ்வளவு இராது, ஆனால் அந்த எதிர்முழக்கமே மெய்யொலிகளைக் குழப்பிவிடும். மின்விசிறி வகுப்பறையின் நடுவில் சுழல்கிறது. கருவி விசிறியின் ஓசையையும் சேர்த்தே பெருக்கும். ஆகவே முதல் பலகை, சன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசும் ஆசிரியர். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் எங்களைப் போன்றவர்களைத் திரும்பச் சொல்லும்படி நீங்களும் கேட்கலாம். அவருடன் பேசும்போது கத்த வேண்டாம். தோளைத் தொட்டு, முகம் பார்த்து, சற்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். 'தட்டு' கேட்காதவருக்குச் 'சாப்பிடுற தட்டு' புரிந்துவிடும்.